தோட்டமும் தூய நீரும்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம் என்பது தமிழர் வகுத்த பருவமுறை. பெயரில் இளமை இருப்பினும், வேலூர் வட்டாரத்தில் அப்பருவத்து வெயில் கடுமையானது. பாலாறு வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கும். சூழ்ந்த குன்றுகள் அனல் கக்கும். இந்நிலத்தில் கோடையில் காய்கறி பயிரிடல் இயலுமோ எனச் சிலர் ஐயுறுவர். வெம்மைக்கு அஞ்சாத பயிர்களும் உண்டு. அவற்றுள் ஒன்று கத்தரி.

வேலூர் மாவட்டத்து இலவம்பாடியில் வழிவழியாக விளைந்துவரும் முள்ளுக் கத்தரி பெரும்பெயர் பெற்றது. அதன் தண்டிலும் இலையிலும் காய்க்காம்பிலும் முள் உண்டு; காயோ சுவை மிக்கது. 2023ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடு பெற்றது. ஒரு பொருளின் சிறப்பு, அது தோன்றிய இடத்தோடு பிரிக்கலாகாதது என்பதற்கு அக்குறியீடே சான்று. ஆம்பூர்ப் பிரியாணிக்கு உற்ற துணையாய் இலையில் அமர்வதும் கத்தரிக்காயே அன்றோ!

கோடைத் தோட்டத்திற்கு வேண்டுவன சிலவே. கத்தரி நாற்றை வெயில் தணிந்த மாலையில் நடுதல் வேண்டும். வெண்டை, கொத்தவரை, பாகல் ஆகியவற்றின் விதைகளை நேரே ஊன்றலாம். மட்கிய தொழுவுரம் மண்ணின் ஈரத்தைக் காக்கும். செடியின் அடியில் பரப்பிய சருகு வெயிலைத் தடுக்கும். காலையிலோ மாலையிலோ அளவாய் நீர் விடுதல் நலம்.

ஆயினும், அந்நீர் நன்னீராய் இருத்தல் வேண்டும். தோல் கெடாதிருத்தற்பொருட்டு அதற்கு உப்பிடுவர். பதனிடும்போது அவ்வுப்பும் குரோமியம் முதலியனவும் கழிவுநீரிற் கலக்கும். அது தூய்மை பெறாது நிலத்திற் சேரின் கிணறு உவர்க்கும். உவர் மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது. நீரின் நடுவே செடி வாடும். 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. தோல் தொழில் நிகழும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ பயிரிடத் தகாததாயிற்று என்னும் செய்தியை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியையும் நிலைநாட்டியது.

தோல் தொழில் வேண்டா என்பது இதன் பொருளன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுவது அத்தொழிலே. ஆனால், ஒரு கை சோறிட, மறு கை கிணற்றைக் கெடுத்தல் அறமாகுமோ? கழிவுநீரைத் தூய்மை செய்யும் செலவு தொழிலின் செலவே. அதனை உழவர் தலையிற் சுமத்துதல் முறையன்று.

ஆதலின், இவ்வட்டாரத்துப் பள்ளிதோறும் ஒரு தோட்டம் வேண்டும். மாணவர் பாத்தி கட்டுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் ஆய்வுக்கு அனுப்பி, அவற்றின் இயல்பை அறிதல் வேண்டும். இன்றைய மாணவரே நாளைத் தொழிலாளர். ஆலை உரிமையாளரும் அலுவலரும் அவருள் தோன்றுவர். தம் கையால் நீர் வார்த்துச் செடி வளர்த்தவர், பிறர் கிணறு உவர்ப்பதைக் கண்டு வாளா இரார்.