நீங்கள் தமிழா, முஸ்லிமா? கேள்வியிலேயே பிழை!

வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்கிறார்: "நீங்க தமிழா, முஸ்லிமா?" ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனால் அங்கேயும் கேட்கிறார்கள். சகோதரர்களே, இந்தக் கேள்வி உங்கள் காதில் விழாமல் இருந்திருக்குமா?

கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் கேள்வி தவறு. தமிழ் இலக்கணப்படியே தவறு!

வினாக்களை ஆறாகப் பிரிக்கிறது நன்னூல். அவற்றில் ஒன்று ஐய வினா. இருட்டில் கிடப்பது பாம்பா, கயிறா என்று கேட்பது. பாம்பு என்றால் அது கயிறு இல்லை. கயிறு என்றால் பாம்பு இல்லை. "இவர் மதுரைக்காரரா, ஆசிரியரா?" என்று யாராவது கேட்பார்களா? மதுரைக்காரர் ஆசிரியராகவும் இருக்கலாமே! தமிழ் என்பது மொழி. முஸ்லிம் என்பது மார்க்கத்தால் வந்த பெயர். வீட்டில் உருது பேசும் சகோதரர்களும் நம்மில் உண்டு. அவர்களிடம் "தமிழா, உருதுவா?" என்று கேளுங்கள். அது முறையான கேள்வி.

"தமிழர்களும் முஸ்லிம்களும் அண்ணன் தம்பியாகப் பழகுகிறார்கள்" என்று மேடையில் பாராட்டுவோரும் உண்டு. அந்த 'உம்' எண்ணும்மை. வேறுவேறானவற்றை அடுக்கிச் சொல்ல வருவது. பாராட்டும் வாயாலேயே நம்மைத் தமிழர் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள்! "இந்துக்களும் முஸ்லிம்களும்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் தமிழரா, முஸ்லிமா? இடலாக்குடியில் பிறந்து, 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து புலவர்களை வியக்க வைத்த செய்குத்தம்பிப் பாவலர் தமிழரா, முஸ்லிமா? கேட்டுப் பாருங்கள், கேள்வியின் அபத்தம் தெரியும்.

சரி, அடுத்தவரை மட்டும் குறை சொன்னால் போதுமா? நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? "பக்கத்து வீடு தமிழாளுங்க", "அது தமிழாள் கடை" என்கிறோமே! இந்து என்று சொல்ல வேண்டிய இடத்தில் தமிழ் என்கிறோம். அப்படியானால் நாம் யார்? நம்மை அந்நியர் என்று சொல்லத் துடிப்பவர்களுக்கு நாமே சாட்சி சொல்லலாமா? ஒவ்வொரு தூதரும் அவரவர் சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பப்பட்டார் என்பது திருக்குர்ஆன் (14:4) தரும் செய்தி. மொழி மார்க்கத்துக்குப் பகை என்றால் இது எப்படிப் பொருந்தும்?

ஆகவே, இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். 'தமிழாள்' என்று இந்துக்களைக் குறிப்பிடும் பழக்கத்தை வீட்டில் நிறுத்துங்கள். பிள்ளைகள் சொன்னால் திருத்துங்கள். அடுத்த முறை "தமிழா, முஸ்லிமா?" என்று எவராவது கேட்டால் கோபப்படாதீர்கள், தலைகுனியவும் செய்யாதீர்கள். "தமிழனும் நான்தான், முஸ்லிமும் நான்தான்" என்று சொல்லுங்கள். நம்மைப் பிரிக்க வந்த அதே 'உம்' அங்கே நம்மைச் சேர்த்து வைக்கும்.