குரலுக்கு நிறம் இல்லையா?

“குரலுக்கு ஏது நிறம்? காதுக்குத் தோல் தெரியுமா? ஒலித்துறையில் திறமை ஒன்றே அளவுகோல். அங்கே கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் என்று பிரித்துப் பேசுவது வீண் வேலை” என வாதிடுவோர் இன்று பலர். செவிக்கு இனிய வாதந்தான். ஆயினும் இனிமை வேறு, உண்மை வேறு. சற்றே உள்ளே புகுந்து நோக்குமிடத்து, ஒலிவாங்கியின் முன் ஏற்கெனவே அமர்ந்திருப்பவர் தம் நாற்காலியைக் காத்துக்கொள்ளச் சொல்லும் வாதமே இது என்பது புலப்படும்.

பிரித்தானியாவையே எடுத்துக்கொள்வோம். 1922 இல் தோன்றிய பி.பி.சி. நெடுங்காலம் செய்தி வாசிப்புக்கு ஒரேவகை உச்சரிப்பையே ஏற்றது. அது உயர்குடியினரும் உயர்தரப் பள்ளிகளில் பயின்றோரும் பேசிய உச்சரிப்பு. 1941 இல், உலகப் போரின் நடுவே, வடபுலத்து யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தம் வட்டாரப் பேச்சின் சாயலோடு செய்தி வாசித்தபோது நேயர் பலர் முகம் சுளித்தனர். அவர் வெள்ளையர், அம்மண்ணின் மைந்தர், வாசித்ததும் அதே செய்தி. உச்சரிப்பு வேறாக ஒலித்தது ஒன்றே அவர் செய்த குற்றம். ஆகவே குரலுக்கு ஊர் உண்டு, குலம் உண்டு, நிறமும் உண்டு. கண்ணைவிடக் காது நடுநிலையானது என்பது வெறும் கட்டுக்கதை.

அதே 1941 இல் யமேக்காவில் பிறந்த ஊனா மார்சன் எனும் கறுப்பினப் பெண்மணி பி.பி.சி.யில் பணியேற்றார். அவர் கையில் உருப்பெற்ற நிகழ்ச்சி 1943 முதல் ‘கரிபியன் வாய்சஸ்’ ஆயிற்று. மேற்கிந்தியத் தீவுகளின் இளம் எழுத்தாளர் பலருக்கு அதுவே அரங்கம். அவ்வரங்கில் ஒலித்தவர்களுள் டெரெக் வால்காட் 1992 இலும், வி.எஸ். நைப்பால் 2001 இலும் நோபல் பரிசு பெற்றனர். அந்நிகழ்ச்சி தோன்றுவதற்கு முன் அத்தீவுகளில் திறமை இல்லாமலா இருந்தது? திறமை இருந்தது, வாசல்தான் இல்லை. “திறமை ஒன்றே போதும்” என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

“அது பழங்கதை, இன்று பாட்காஸ்ட் எனும் வலையொலி வந்துவிட்டது. ஒலிபரப்புக் கோபுரமும் வேண்டா, அரசின் உரிமமும் வேண்டா, யாரும் பேசலாம், யாரும் கேட்கலாம்” என்பர். 2004 இல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அச்சொல் முதன்முதலாக எழுதப்பட்டபோது பலரும் அவ்வாறே நம்பினர். ஆனால் வாசலில் காவலாளி இல்லை என்பதனால் வீட்டுக்குள் எல்லோரும் அமர்ந்துவிட்டனர் என்று ஆகுமா? பேசுவது எளிது, பேச்சையே பிழைப்பாகக் கொள்வது எளிதன்று. ஆய்வு செய்யவும் செம்மை செய்யவும் காலம் வேண்டும். காலத்துக்கு ஊதியம் வேண்டும். அவ்வூதியத்தைத் தரும் நிறுவனங்களில் நுழைய வழி யாது? பயிற்சியாளர் என்ற பெயரில் சில மாதங்கள் சம்பளமின்றி உழைப்பதே அத்தொழிலில் வழக்கமாயிருந்தது. இலண்டன் மாநகரில் சம்பளமின்றி மாதக் கணக்கில் வாடகை கொடுத்து வாழ யாரால் இயலும்? தந்தையின் பணப்பை கனத்தவரால் மட்டுமே இயலும். திறமையை அளப்பதற்கு முன்பே அங்கே செல்வத்தை அளந்துவிடுகின்றனர்.

இந்நிலையை எதிர்த்து 2018 இல் இலண்டனில் எழுந்ததே ‘பிராக்கொலி’ எனும் வலையொலித் தயாரிப்பு நிறுவனம். நிறுவியவர் ரெனே ரிச்சர்ட்சன் எனும் கறுப்பினப் பெண்மணி. ஒலித்துறை ஒதுக்கிய குரல்களுக்கு இடந்தருவதே அதன் நோக்கம். 2020 மே 25 அன்று அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டபின், பெரிய நிறுவனங்கள் கருஞ்சதுரப் படம் ஒன்றை வெளியிட்டுத் தம் கடமை முடிந்ததென இருந்த வேளையில், பிராக்கொலி ஒலித்துறைச் சமத்துவ உடன்படிக்கை ஒன்றை முன்வைத்தது. அதன் விதிகள் ஐந்து. சம்பளமின்றிப் பயிற்சியாளரை வேலை வாங்கலாகாது. சிறுபான்மையினரை அவர்தம் அடையாளம் பற்றிய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமன்றிப் பிற நிகழ்ச்சிகளுக்கும் அமர்த்த வேண்டும். ஆண் பெண் ஊதிய வேறுபாட்டை வெளியிடும் நிறுவனம் இன அடிப்படையிலான வேறுபாட்டையும் உடன் வெளியிட வேண்டும். ஊரையும் தொழிலையும் உள்ளவாறு பிரதிபலிக்காத கருத்தரங்க மேடைகளில் ஏறலாகாது. நிறுவனத்தில் யார், எப்பதவியில், நிரந்தரமாகவா தற்காலிகமாகவா பணியாற்றுகின்றனர் என்பதை ஒளிக்கலாகாது.

“மேலைநாட்டார் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்று நம்மவர் கேட்கக்கூடும். நபித்துவத்துக்கு முன் மக்காவில் நிகழ்ந்த ‘ஹில்ஃபுல் புழூல்’ உடன்படிக்கையை அவர்கள் நினைவுகூரட்டும். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு விலை கொடுக்க மறுத்தார் மக்கத்துப் பெரும்புள்ளி ஒருவர். அநீதிக்கு ஆளானவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் எனச் சிலர் கூடி உறுதி பூண்டனர். அவ்வவையில் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்தபின்னும் அத்தகையதொன்றுக்கு அழைக்கப்பட்டால் இசைவேன் என்ற கருத்துப்பட மொழிந்துள்ளார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமையே அன்றைய வழக்கு. இன்றைய வழக்கும் அதுவே. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணித்த மார்க்கத்தினர் நாம். இந்நீதியை யார் சொன்னால் என்ன?

ஐந்து விதிகளுள் இரண்டாவதே நம் நெஞ்சை மிகவும் தொட்டது. சிறுபான்மையினரை அழைக்கவே மாட்டார்கள் என்பதில்லை, அழைப்பார்கள். கறுப்பரை நிறவெறி பற்றிப் பேச அழைப்பார்கள். முஸ்லிமை நோன்பு மாதத்திலோ குண்டு வெடித்த மறுநாளிலோ அழைப்பார்கள். வானியலும் பொருளியலும் சமையலும் பேச வேறு ஆள் வருவார். இதற்குப் பன்மை என்று பெயர் சூட்டுவது பிழை, இது கண்காட்சி.

பாங்கின் சொற்களைக் கனவிற் கண்டவர் மதீனத்து அன்சாரியான அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). ஆயினும் அவற்றைப் பிலால் (ரலி) அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறு அண்ணலார் பணித்தார்கள். பிலாலின் குரல் அவர் குரலினும் சிறந்தது என்பதே அதற்குரிய காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே இரக்கத்துக்கு இடமில்லை, தகுதியே பேசிற்று. அடிமைத்தளையிலிருந்து மீண்ட அபிசீனியரை அபிசீனியரின் துயரம் பேச அழைத்தார்களா? அன்று, அனைவரையும் தொழுகைக்கு அழைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். மக்கா வெற்றியின்போது அவர் கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்ல, குறைஷித் தலைவர் சிலர் மனம் புழுங்கினர் என்று வரலாறு கூறும். குரலுக்கு நிறம் இல்லையெனில் அவர்கள் புழுங்கியது எதனால்?

உடன்படிக்கையிலும் குறை காண்போர் உளர். கையொப்பம் இடுவது எளிது, மீறினால் தண்டனை இல்லை என்பர். அது மெய்யே, அதை நாம் மறுக்கவில்லை. எனினும் ஊதிய வேறுபாட்டை வெளியிடச் சொல்லும் மூன்றாம் விதியையும், பணியாளர் நிலையை ஒளிக்காதே எனும் ஐந்தாம் விதியையும் நோக்குக. அவை கேட்பது கணக்கு. 2017 முதல் 250 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் பிரித்தானிய நிறுவனங்கள் ஆண் பெண் ஊதிய வேறுபாட்டை வெளியிடச் சட்டமே கட்டாயப்படுத்திற்று. இனம் பற்றிய கணக்கை அது கேட்கவில்லை. சட்டம் கேளாததை ஒரு சிறு நிறுவனம் கேட்டது. எண்கள் வெளியே வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது. ஆகவேதான் பலர் கையொப்பத்துக்கு அஞ்சாது கணக்குக்கு அஞ்சுகின்றனர்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். பிறர் நம்மை நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டுமே ஒலிவாங்கி முன் அழைக்கிறார்கள் என்று நாம் குமுறுகிறோம். அக்குமுறல் நியாயமானதே. ஆனால் நம் விழா மேடைகளில் ஏறுபவர் யார்? கற்றறிந்த நம் பெண்டிரைப் பெண்களுக்கான அமர்வில் மட்டும் ஒருமணி நேரம் பேசச் சொல்லி அனுப்பிவிடுகிறோமே, அது அவ்விரண்டாம் விதியை மீறுவதன்றோ? எழுத்தாளரிடமும் பேச்சாளரிடமும் “சமுதாயப் பணி, மார்க்கப் பணி” என்று சொல்லி ஊதியமின்றி உழைப்பைப் பெறுகிறோமே, அது முதல் விதிக்கு மாறன்றோ?

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. பள்ளிவாசலுக்குப் பளிங்கு பதிக்கவும் மினாரா உயர்த்தவும் இலட்சங்களை வாரி வழங்கும் ஜமாஅத்துகளில், பிலாலின் வழித்தோன்றலாய் நாளும் ஐவேளை பாங்கு சொல்லும் மோதினாருக்குக் கிடைப்பது ஒரு குடும்பம் அரைமாதம் உண்பதற்கும் போதாத சம்பளம். ஒலிபெருக்கிக்குச் செலவழிக்கிறோம், குரலுக்குச் செலவழிக்க மனமில்லை. பிலாலை நேசிக்கிறோம் என்று மேடைதோறும் முழங்குவோர், அடுத்த ஜுமுஆவுக்கு முன் தத்தம் பள்ளிவாசலின் சம்பளப் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும். பார்த்ததை ஜமாஅத்தார் முன்னிலையில் வாசிக்கட்டும்.