வேலியோரத்தில் ஆவாரை

வட அமெரிக்கப் புல்வெளிகளுக்கு உரிய மாக்சிமிலியன் சூரியகாந்தி, ஒருமுறை ஊன்றினால் ஆண்டுதோறும் வேரடியினின்று தாமே துளிர்த்துப் பூக்கும் செடியாகும். அந்நாட்டார் பலர் அதனை வீட்டுத் தோட்டத்தில் விரும்பி வளர்க்கின்றனர். அவ்விதையை நாம் வரவழைக்க வேண்டுவதில்லை. நீரின்றியும் பல்லாண்டு நின்று பொன்னிறமாய்ப் பூக்கும் ஆவாரை நம் காட்டு வரப்பிலேயே இருக்கிறது. அதனை நாமேதான் அழித்து வருகிறோம்.

பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவுடன் ஆவாரம்பூவும் வேண்டும். முன்பு வேலியில் ஒடித்து வந்தோம்; இன்று சந்தையில் கட்டு விலைக்கு வாங்குகிறோம். சாலைகள் அகன்றன, மேய்ச்சல் தரை மனைகளாயிற்று, வரப்பிலோ களைக்கொல்லி தெளிக்கிறோம்.

தோல் பதனிட இதன் பட்டை ஒரு காலத்தில் தென்னாட்டில் பெரிதும் பயன்பட்டது. பின்னர் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. ஆதலின் பட்டைக்கு விலை வருமென்று நாம் ஆசை காட்டவில்லை. தழை நல்ல உரம். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. ஆவாரம்பூவின் மகரந்தம், கருவண்டு பூவைப் பற்றி ரீங்கரித்து அதிர்த்தால்தான் நுனித்துளை வழியே நன்கு உதிரும். கத்தரிப்பூவின் அமைப்பும் அத்தகையதே! கத்தரிக்காட்டு வேலியில் ஆவாரை நிற்பின், அவ்வண்டு அருகிலேயே தங்கும்.

நெசவாள அன்பர்க்கும் ஒரு சொல். படிகாரம் ஏற்றிய பட்டு நூலில் இப்பூ மஞ்சள் நிறம் தரும். கடைச்சாயத்தின் அழுத்தத்தை அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. இயற்கைச் சாயம் கேட்டு வருவோர்க்கு அது போதும்.

சாலையோரச் செடியைப் பெயர்த்து நட முயல வேண்டா. ஆணிவேர் அறுந்தால் பிழைப்பது அரிது. பழுப்பேறிய நெற்றைப் பறித்து, விதையை மணலில் தேய்த்து, வெந்நீரிலிட்டு ஓரிரவு ஊறவைத்து, மழைத் தொடக்கத்தில் மூன்றடிக்கு ஒன்றாக ஊன்றுக. தேய்க்காவிடில் அதன் தடித்த தோல் எளிதில் முளைவிடாது. முதல் கோடையில் மட்டும் சிறிது தண்ணீர் காட்டினால் போதும். ஆடுமாடுகள் பெரும்பாலும் இதனைத் தீண்டா, காவல் தேவையில்லை.

கூட்டுறவுச் சங்கங்கள் தம் உரக்கிடங்குகளில் ஆவாரை விதையையும் வைத்து உறுப்பினர்க்கு வழங்குதல் நன்று. அவ்விதை கிடைக்க வேண்டுமாயின், காப்புக்கு ஒடிப்போர் செடிக்கு நான்கு கொம்பையேனும் காய்க்க விட்டுவைத்தல் வேண்டும்.