கோபுரம் சற்றே குரலைத் தாழ்த்தட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் பேருந்து, அடிவாரத்தைத் தாண்டியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையேறத் தொடங்குகிறது. மேலே இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துகிறார்; ஒரு கணம் எதிர்ப்புறத்துக்குக் காது கொடுக்கிறார்; பிறகே வண்டியைத் திருப்புகிறார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதையின் விதி. ஒரே சாலை, இரு திசைகள், கண்ணுக்குத் தெரியாத எதிர்வண்டி. கைபேசிகளின் உலகிலும் இதே சிக்கல் உண்டு.

இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். யாருடைய குரல் கேட்கப்படுகிறது, யாருடையது அமிழ்ந்துபோகிறது என்பது இலக்கியத்தின் பழைய கேள்வி. அதே கேள்வியை இப்போது பொறியாளர்கள் எண்களால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காணும் விடை நம் அன்றாடத்தைத் தொடப்போகிறது என்பதால் ஒரு சொல் சொல்லத் துணிகிறோம்.

கைபேசி எப்போது பேச விரும்பும் என்பது கோபுரத்துக்கு முன்கூட்டித் தெரியாது. எனவே முதல் அழைப்பு எப்போதும் அறிவிப்பின்றித்தான் வருகிறது. இதனையே ‘ராண்டம் ஆக்ஸஸ்’ என்கிறார்கள்; கதவைத் தட்டுதல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இதன் மூலவடிவம் 1971இல் ஹவாய்த் தீவுகளில் இயங்கத் தொடங்கிய ‘அலோஹா’ வலையமைப்பு. நார்மன் ஆப்ராம்சன் வகுத்த விதி எளியது: தோன்றும்போது பேசு, பேச்சு மோதிவிட்டால், மனம்போன அளவு காத்திருந்து மீண்டும் பேசு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடே பயன்பட்டது. நேரத்தைத் துண்டுகளாக்கி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்றதும் அது இருமடங்காகி 37 ஆயிற்று. ஒழுங்கு என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இன்றைய 4ஜி, 5ஜி வலையமைப்புகளிலும் அடிப்படை இதுவே. கதவைத் தட்ட 64 வகைத் தட்டல்கள் உள்ளன. கைபேசி அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தட்டுகிறது. இருவர் ஒரே தட்டலை எடுத்துவிட்டால் மோதல். கோடை விழாக் காலத்தில் ஏற்காடு ஏரியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில், திரையில் அலைக்கோடுகள் முழுதாக இருந்தும் அழைப்பு போகாமல் நாம் தவிப்பதன் காரணங்களில் ஒன்று இது. பதில் வராத கைபேசி அடுத்த முறை இன்னும் உரக்கத் தட்டுகிறது. கோபுரத்தின் அருகே இருப்பவருக்கு அது எளிது. சேர்வராயன் மலையின் மடிப்பொன்றில், பாறைக்குப் பின்னால் இருப்பவருடைய கைபேசியோ முதலிலேயே தன் முழு வலுவையும் செலவிட்டுவிட்டிருக்கும். இருவரும் மோதினால் உரத்த குரலே கோபுரத்தின் காதில் விழும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது வானலைக்கும் பொருந்திவிடுகிறது. அந்த ஏழை சொல், 108க்கு விடுக்கப்பட்ட அழைப்பாகவும் இருக்கலாம்.

இந்த நிலையில்தான் ‘ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்னும் முழு இருவழித் தொடர்பு வருகிறது. இதுவரை பேசுவதற்கும் கேட்பதற்கும் தனித்தனி அலைவரிசை வைத்தோம். அல்லது நேரத்தைப் பங்கிட்டோம். ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய இயலாது என்பது நெடுங்காலம் பாடநூல் உண்மையாக இருந்தது. கத்துகிறவனுக்குத் தன் குரல்தானே முதலில் கேட்கும்! 2010இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அது இயலும் என்று செய்து காட்டினர். 2013இல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வு, வைஃபை கருவியொன்றின் சொந்தக் குரலை 110 டெசிபெல், அதாவது பத்தாயிரம் கோடி மடங்கு, குறைத்து ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் வைத்தது. 3ஜிபிபி தரநிலை அமைப்பும் தன் 18ஆம் வெளியீட்டில் இதன் மிதமான வடிவமொன்றை ஆராய்ந்தது. அதில் கோபுரம் மட்டுமே ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்கும், அதுவும் அலைவரிசையின் வெவ்வேறு பகுதிகளில். கைபேசி பழையபடி முறைவைத்தே இயங்கும்.

கொள்ளளவு இருமடங்காகும் என்ற பேச்சில் மறந்துபோவது அந்தக் கதவு. கோபுரம் ஒருவருக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கையில் தொலைவிலிருந்து வேறொருவர் தட்டுகிறார். கோபுரத்தின் சொந்தக் குரலில் அகற்றப்படாது எஞ்சும் துளி போதும், அந்த மெல்லிய தட்டலை மூழ்கடிக்க. இன்னொரு பக்கம், தட்டுகிறவரின் அருகிலேயே படம் பார்ப்பவர் நின்றால், தட்டலின் அலை அவருடைய கருவியைக் குழப்பும். யார் எப்போது தட்டுவார் என்று தெரியாததால் இவ்விருவரையும் முன்கூட்டியே விலக்கி வைக்கவும் வழியில்லை.

நம் மண்ணில் இதையொத்த சிக்கல் ஒன்று முன்பே தீர்க்கப்பட்டிருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களோடு நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைக்கும் பணியில் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் ஈடுபட்டனர். ஊரில் இருக்கும் நோயாளியை மருத்துவர் திரையில் பார்த்துப் பேச வேண்டும். ஒரே கோபுரத்தில் பல ஆன்டெனாக்கள் இருந்தால், ஒன்று பேசும்போது பக்கத்திலிருப்பதன் செவி அடைபடும். கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து 2005இல் வெளிவந்த யோசனையைப் பின்பற்றி, வைஃபையின் ‘தோன்றும்போது பேசு’ விதியைக் களைந்தார்கள். கோபுரத்தின் எல்லா ஆன்டெனாக்களும் ஒன்றாகப் பேசும். பிறகு ஒன்றாகக் கேட்கும். 2007இல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை, வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு கூடியதாகக் கூறியது. ஆன்டெனாவின் வலுவைக் கூட்டாமல், பேசும் முறையை மாற்றியதால் கிடைத்த பயன் அது.

ஆகவே நம் கருத்து இதுதான். முழு இருவழித் தொடர்பு வரட்டும். ஆனால் கதவு தட்டப்படுவதற்கென ஒதுக்கிய சிறு நேரத்துண்டுகளில் கோபுரம் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும், அல்லது தட்டல் வரக்கூடிய திசையை விட்டு வேறு திசையில் பேச வேண்டும். இருமடங்கு ஆதாயத்தில் ஒரு பங்கை இழப்பதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் அத்துண்டுகள் மொத்த நேரத்தில் சிறு பங்கே. படம் ஒரு கணம் தாமதிப்பதால் எவருக்கும் ஒன்றும் நேர்ந்துவிடாது. தவிர, இப்புதிய நுட்பத்திலேயே மருந்தும் இருக்கிறது. கேட்டுக்கொண்டே பேச முடிகிற கோபுரம், ‘இப்போது ஒருவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பொறுங்கள்’ என்று மற்றவர்களுக்கு மெல்ல அறிவிக்கலாம். மலையின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் அறியாதவர்களும் அப்போது மோதாமல் காத்திருப்பார்கள். வளைவில் அழுத்தப்படும் ஒலிப்பான் செய்வதும் அதைத்தானே.

ஒரு வலையமைப்பு நல்லதா என்று அளக்க, கோபுரத்தின் நிழலில் நிற்பவருக்குக் கிடைக்கும் உச்ச வேகத்தைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. மலைமடிப்பில் இருப்பவரின் முதல் தட்டலுக்கு எத்தனை முயற்சியில் பதில் கிடைத்தது என்பதையும் அதன் அருகில் எழுதச் சொல்லுவோம். கீழிறங்கும் வண்டி ஓரங்கட்டி நின்று, மூச்சு வாங்க ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவதை ஏற்காட்டுப் பாதையில் எவரும் இழப்பாகக் கருதுவதில்லை.