நீதிமன்றத்துக்காக விழுந்த பிணங்கள்

கௌபாய்ப் படங்களில் துப்பாக்கிகள் மானத்துக்காகவும் பழிக்காகவும் வெடிக்கும். வரலாற்றிலோ அவற்றுட் பல மனை விலைக்காகவே வெடித்தன என்பது என் எண்ணம்.

கான்சாஸின் ஸ்டீவன்ஸ் கவுண்டியில், தலைநகராகும் உரிமைக்காக ஹியூகோட்டன், வுட்ஸ்டேல் என்னும் இரு சிற்றூர்கள் மோதின. தலைநகரானால் நீதிமன்றமும் பதிவேடுகளும் வரும், மனை விலை ஏறும். தோற்ற ஊர் தேயும். 1888 ஜூலை 25 அன்று, வுட்ஸ்டேல் தரப்பைச் சேர்ந்த ஷெரீஃப் ஜான் கிராஸும் மூவரும் வைக்கோல் அறுப்போர் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் மட்டும் பிணம்போற் கிடந்து தப்பினார்.

கொலை நிகழ்ந்ததோ எம்மாநிலத்துக்கும் உட்படாத, 'எவருக்கும் உரியதல்லாத நிலம்' எனப்பட்ட பகுதியில். டெக்சாஸின் பாரிஸ் நகரில் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம் விதித்த மரண தண்டனைகளை 1891இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் எவரும் தண்டனை பெறவில்லை.

நீதிமன்றம் எங்கே அமைவது என்பதற்காக உயிர்களைப் பறித்தார்கள்; பறித்தவர்களைத் தண்டிக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலவில்லை. இதனை எல்லைப்புற வீரமென்று போற்றுவோரோடு நான் உடன்படேன். இன்று ஹியூகோட்டன் தலைநகராகவே இருக்கிறது, ஆனால் அதுவும் ஒரு சிற்றூர்தான். வுட்ஸ்டேலோ ஊராகவே இல்லை. அந்நால்வரின் உயிருக்குக் கிடைத்த விலை இவ்வளவுதானா?