ரப்பர் விளையும் அமெரிக்கச் சர்வகலாசாலையும்

பேச்சிப்பாறைப் பிரதேசத்தில் விடியுமுன் எழுந்து, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் மரம் மரமாகப் பட்டை சீவி, சிரட்டையில் வடிந்த பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்து, ஒட்டுப்பாலையும் வீணாக்காமல் விற்றுப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய குடும்பங்கள், இன்று அமெரிக்காவில் எந்தச் சர்வகலாசாலை உசிதமானது என்று விசாரிக்கத் தொடங்கியிருப்பது மிகுந்த சந்தோஷம் அளிக்கிறது. ஆயினும் அந்த விசாரணை தரவரிசைப் பட்டியலின் முதல் பக்கத்தோடும், சேர்த்துவிட்ட தலைக்கு இவ்வளவு என்று தரகு பெறும் முகவரின் சிபாரிசோடும் நின்றுவிடுவதை என்னால் அங்கீகரிக்க முடியவில்லை.

தேட வேண்டியது ஆசிரியரை. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, பொது நிதி இயலில் பிரசித்தி பெற்றிருந்த எட்வின் செலிக்மனிடம் கொலம்பியா சர்வகலாசாலையில் பயின்றார். 1913-இல் அங்கே சேர்ந்த அம்பேத்கருக்கும் செலிக்மனே ஆசான். இந்திய தரித்திரத்துக்கும் அரசாங்க வரிக்கும் உள்ள சம்பந்தத்தைக் குமரப்பா அங்கே ஆராய்ந்து எழுதியதைக் காந்தியடிகள் தமது ‘யங் இந்தியா’ பத்திரிகையில் வெளியிட்டார்.

நம் ரப்பர் விளையிலிருந்து புறப்படும் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. 1870-இல் குட்ரிச், 1898-இல் குட்இயர், 1900-இல் ஃபயர்ஸ்டோன் என்று டயர்க் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேரூன்றி, ரப்பர் தலைநகரம் என்றே பெயர் பெற்ற ஒஹையோ மாகாணத்து அக்ரன் நகரின் சர்வகலாசாலை, நூறாண்டுக்கு மேலாக ரப்பர் வேதியியல் கற்பித்துவருகிறது. அதன் பாலிமர் ஆராய்ச்சிக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. பொதுப் பட்டியல்களில் அதன் பெயர் முன்வரிசையில் தென்படாது என்பதால் நம் வீடுகளில் அதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. பாலைவனச் செடியான குவாயுலேயிலிருந்து ரப்பர் எடுக்கும் ஆராய்ச்சி அரிஸோனாவில் நடக்கிறது என்பதும் இங்கே எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

பண விஷயம் இன்னும் கவலைக்குரியது. இரண்டாண்டு முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் முழுச் செலவும் மாணவருடையதே. வங்கிகளோ பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கின்றன. தகப்பனின் ஒரே விளையை ஈடு வைத்துப் பெயருக்காக ஒரு சர்வகலாசாலையைத் தேர்வதைவிட, இங்கேயே முதுகலை முடித்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஆராய்ச்சி உதவியாளர் பதவியும் மாதப் படியும் கொடுக்கும் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பால் வடியாமல் பட்டை வறண்டுபோகும் மரத்தைத் தன் விளையில் கண்டு வளர்ந்த பிள்ளை, தான் கண்டதையும் அறிய விரும்புவதையும் ஒரு பக்கத்தில் எழுதி, அதை ஆராயும் பேராசிரியருக்கு நேரே அனுப்பலாம். மறுமொழி வந்தால், அவரிடம் பயிலும் மாணவர் படிப்பை முடிக்க எத்தனை ஆண்டு ஆகிறது, படி எதுவரை நிச்சயம் என்பவற்றைத் தயங்காமல் விசாரிக்கலாம். விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடிவதால், அந்தக் கடிதம் ஓணத்துக்கு முன்பே போய்ச் சேருவது நல்லது.