எலிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கு... நமக்கு ஏன் இல்லை?

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுக்க வளரும். கொறித்துத் தேய்க்கலைன்னா அதுக்கே சிக்கல். நமக்கோ பால் பல் விழுந்து முளைப்பதுதான் கடைசிப் பல். ஏன் இந்த வித்தியாசம்?

ரகசியம் எங்கே?

எலி முன்பல்லின் அடியில் இருக்கும் ஸ்டெம் செல்கள், எனாமல் செய்யும் செல்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும். மனிதர்களுக்குப் பல் முளைத்து வெளியே வந்ததும் எனாமல் செல்கள் அழிந்துவிடும். பல் கூழில் ஸ்டெம் செல்கள் உண்டு. ஆனால், அவற்றால் எனாமல் செய்ய முடியாது.

மைக்ரோ ஆர்.என்.ஏ-வுக்கு என்ன வேலை?

சுமார் 22 எழுத்து நீளமே உள்ள மரபணுத் துணுக்கு இது. புரதம் தயாரிக்கச் செல்லும் உத்தரவை வழியிலேயே மடக்கிவிடும். இதைக் கண்டுபிடித்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஸ்டெம் செல் அப்படியே இருக்கணுமா, எனாமல் செல்லாக மாறணுமா என்ற முடிவில் 'மிர்-200' குடும்பத்துக்குப் பங்கு உண்டு. சுண்டெலிகளின் பல் திசுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ உற்பத்தியை நிறுத்திப் பார்த்தார்கள். எனாமல் இல்லாத முன்பற்கள் வந்தன, கூடுதல் பற்களும் முளைத்தன.

அப்போ, குழந்தையின் பால் பல்லைச் சேமிக்கலாமா?

பால் பல்லிலும் ஸ்டெம் செல் இருப்பது 2003-லேயே தெரியும். ஆனால், தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறு எதையும் வணிகரீதியாகச் சேமிக்க அனுமதி இல்லை என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல். சுண்டெலியில் கிடைத்த முடிவு நமக்கான சிகிச்சையாக மாற இன்னும் பல படிகள் இருக்கு. 'பல் வங்கி' விளம்பரம் பார்த்தால், பணம் கட்டும் முன் இதை யோசிங்க!